சிவப்புத் துணி கட்டாத இடம்

என் சித்தி முப்பது வருடமாகத் தையல்காரி. துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளப்பாள். கதவைப் பூட்டிய பிறகு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். இடி, லிஃப்ட், கேஸ் அடுப்பு எல்லாமே பயம். சித்தப்பா லாரி ஓட்டியவர். எதற்கும் பயப்படாத மனிதர். சித்தியின் பெரிய பயமே அதுதான்.

சித்தப்பாவின் அண்ணன் இறந்ததும் அவருடைய அரை ஏக்கர் நிலம் இவர்கள் கைக்கு வந்தது. பதினோரு வருடம் ஆள் நுழையாத இடம். ஓட்டு வீடு ஒன்று, மீதியெல்லாம் ஆளுயரப் புதர். அதற்குள் எங்கோ கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு கிணறு. அண்ணன் நிலம் வாங்கிய புதிதில் சித்தப்பா அதை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். எந்த மூலையில் என்று ஞாபகமில்லை.

"அண்ணன் எப்பவோ தூர்த்திருப்பாரு."

"தூர்த்தாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"சொல்லல. அதுக்காக நிலத்தை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

சித்தி விடவில்லை. நீள மூங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவள் முதலில் குத்திப் பார்ப்பாள். தரை கெட்டியாக இருந்தால் குச்சி நட்டு, தையல் மிச்சத்தில் கிழித்த சிவப்புத் துணியைக் கட்டுவாள். அதன் பிறகே சித்தப்பா புதர் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தை வெட்டலாம்.

"இந்த வேகத்துல போனா என் பேரன்தான் இங்க குடிவருவான்" என்றார் அவர்.

"வரட்டும். தாத்தா உயிரோட இருந்து கதவைத் திறந்துவிடட்டும்."

எலி வளையில் மூங்கில் ஒரு முழம் இறங்கியபோது அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் நிலம் முழுவதும் சிவப்புத் துணி ஆடியது. கிணறு அகப்படவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் சித்தப்பா. வெட்டிப் போட்ட முட்செடிக் குவியல் பெருத்துச் சரிந்துகொண்டிருந்தது. மிதித்து அமுக்கலாம் என்று பூட்ஸ் காலோடு அதன்மேல் ஏறினார்.

துணிகளை எண்ணிக்கொண்டே வந்த சித்தி நின்றாள். முதல் நாள் வெட்டிய புதரைப் போட இடம் தேடியது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் மட்டும் புதரே இல்லை, முழங்கால் உயரத்துக்குக் கொடிதான். வெட்டுகிற வேலை மிச்சம் என்று இரண்டு பேருமே சந்தோஷப்பட்டார்கள். ஓரத்தில் நின்றபடியே ஒன்பது நாளும் வீசினார்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் அவள் குத்திப் பார்க்கவில்லை. மண் இருந்தால் அங்கேயும் புதர் முளைத்திருக்கும்.

"என்னங்க, மிதிக்காதீங்க." அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னாள்.

"என்ன, பாம்பா?"

"அப்படியே குப்புறப் படுங்க. உங்களுக்குக் கீழதான் கிணறு."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அடியில், கிணற்றை மூடியிருந்த தகரம் முனகியது. குவியலின் நடுப்பகுதி ஒரு சாண் இறங்கியது. சத்தமில்லாமல் முள்ளின்மேல் படுத்துவிட்டார்.

மூங்கில் எட்டவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஏணியை இழுத்துவந்து குவியலின்மேல் தள்ளினாள். அவர் கடைசிப் படியைப் பிடித்தார். அவரை இழுக்கும் பலம் அவளுக்கு இல்லை. ஏணியின் இந்த முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க. மெதுவா. பேசாதீங்க."

படிப்படியாக ஊர்ந்து வந்தார். அவர் கால் ஓரத்து மண்ணைத் தொட்டதும் நடுவில் தகரம் கிழிந்தது. முட்செடியெல்லாம் உள்ளே போனது. கொஞ்சம் பொறுத்துத்தான் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முகத்தில் தைத்த முட்களை எடுக்க உட்கார்ந்தாள். ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு தடவை எண்ணினாள்.

மறுநாள் காலையில் வேலைக்கு இறங்கும் முன் அவரே கயிற்றை எடுத்துவந்து, விழுந்தால் பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டச் சொன்னார்.

"ரொம்ப இறுக்காதே. ஜாக்கெட்டா தைக்கிறே?"

அவள் முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் நிலத்துல ஒரு கிணறுதானே?"

சித்தப்பா நிலத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். குனிந்து மூங்கிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.