வீட்டுக்குப் போகும் மணி

மல்காஜ்கிரி தொடக்கப் பள்ளி ஒன்றில் மணி அடிப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றுதான் சேர்ந்தேன்.

மனநலப் பாடம் எடுக்க வந்த டீச்சர், மணி கேட்டால் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடும்படி பிள்ளைகளைப் பழக்கினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் மணி அடித்தேன். இரண்டாம் வகுப்பு எழுந்திருக்கவில்லை. டீச்சரும் கண்ணை மூடியிருந்தார். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். மறுபடி மணி அடித்தேன். இன்னும் ஆழமாக மூச்சு விட்டார்கள்.

வகுப்பு வாசலில் நின்று, "வேன் போயிடும், எந்திரிங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"நக்கோ அங்கிள், வேண்டாம், சத்தம் போடாதீங்க" என்றாள் ஒரு சிறுமி, கண்ணைத் திறக்காமல்.

கடைசியில் வேன்காரர் வந்து கத்தினார்.

"இனிமே அந்த மணி வேண்டாம், வாயால கூப்பிடுங்க" என்றார் தலைமை ஆசிரியை என்னிடம்.

இப்போது தினமும் வாசலில் நின்று, முதலில் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடுகிறேன்.