ஒரே வீட்டில் இரண்டு கழுத்துவலி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் என் தையல் கடை. அன்று காலை ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் என் இடது பக்கம் நின்று, "ஆச்சாக்கா?" என்று கேட்டாள். திரும்ப முடியவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கொக்கி மாட்டி யாரோ இழுத்துப் பிடித்திருந்தது போல் இருந்தது. உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு சேர்ந்து உடம்பு முழுவதையும் திருப்பித்தான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் கத்தரி பிடிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். கழுத்துவலி எனக்குப் புதிது, அவருக்குப் பழசு. சுரங்கத்துக்குள் குண்டும் குழியுமான பாதையில் நாள் முழுக்கக் குலுங்கி, ரிவர்ஸ் எடுக்க ஆயிரம் தடவை திரும்பிப் பார்த்து, ஏழெட்டு வருஷமாக அவருக்கு அந்த வலி உண்டு. அதற்கு அவர் வைத்திருந்த வைத்தியம் அரியலூரில் ஒரு சலூன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை முகச்சவரம் செய்துகொண்டு, கடைசியில் தலையைச் சலூன்காரர் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஆள் இவர் தாடையில் ஒரு கையும் பின்னந்தலையில் ஒரு கையும் வைத்து வலது பக்கம் ஒரு வெட்டு, இடது பக்கம் ஒரு வெட்டு. டக், டக் என்று நெட்டி விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் இவருக்குத் தூக்கமே வரும்.

அன்று சாயங்காலம் நான் தலையணையை மடித்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கா இப்புடி உக்காந்திருக்க? ஒரு நிமிசம் தலைய குடு. நான் எடுத்து வுடறேன்."

"சும்மா இருங்க. உங்களுக்கு லாரிதான் ஓட்டத் தெரியும்."

"எத்தன தடவ பாத்திருக்கேன்! வலது, இடது, அவ்ளோதான்."

தாடையில் கையை வைத்தேவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அதோடு இவர் விட்டுவிட்டார். ஆனால் எனக்குப் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

என் நாத்தனாரைத் திருமழபாடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணி, ஞாயித்துக்கெழம வாங்க, இங்க ஒருத்தங்க சுளுக்கு எடுப்பாங்க" என்றாள். போனேன். அந்த அம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவர். அப்படிப்பட்டவர்கள் கை பட்டால் சுளுக்கு விடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. கொள்ளிடத்துக் கரையில் சோளத்தட்டை கட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து என்னைத் தரையில் உட்கார வைத்தார். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரைக்கும் கட்டைவிரலால் ஒரே திசையில் வழித்துக்கொண்டே இருந்தார். எலும்பை அவர் தொடவேயில்லை. சதையில் எங்கே முடிச்சு இருக்கிறதோ அங்கே விரல் தானாக நின்றது.

"உள்ளார கல்லு மாதிரி கெடக்கு பாரு. குனிஞ்ச தல நிமுர மாட்டியா நீ?" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கினேன். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தேன், சாயங்காலத்துக்குள் கொக்கி திரும்ப மாட்டிக்கொண்டது.

தீபாவளி முடிந்ததும் பெரம்பலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். மெலிந்த உடம்பு, என் மகள் வயதுதான் இருக்கும். என்னைத் தொடுவதற்கு முன்னால் கால்மணி நேரம் கேள்வியாகக் கேட்டாள். கை மரத்துப் போகிறதா, தலை சுற்றுகிறதா, பிரஷர் இருக்கிறதா, எந்தப் பக்கம் படுக்கிறேன், மேஜை எவ்வளவு உயரம். அப்புறம் குப்புறப் படுக்க வைத்து, கழுத்தெலும்பு ஒவ்வொன்றின் மேலும் இரண்டு கட்டைவிரலை வைத்துச் சின்னச் சின்னதாக அமுக்கி விட்டாள். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஒரே தாளம். சத்தம் கிடையாது, வெடுக்கென்று இழுப்பது கிடையாது. இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நெட்டி எடுப்பதைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவும் ஒரு மொறதாங்கக்கா. நாங்களும் படிச்சிருக்கோம். வேகமா பண்றதுக்கும் இப்புடி மெதுவா பண்றதுக்கும் பலன்ல ரொம்ப வித்தியாசம் இருக்காது. ஆனா கழுத்த சடக்குனு திருப்பறதுல ஒரு ஆபத்து இருக்கு. மூளைக்குப் போற ரத்தக்கொழா அந்த எலும்பு வழியாத்தான் போவுது. எப்பவோ யாருக்கோதான் ஆவும். ஆச்சுன்னா பெருசா ஆயிடும். கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டு, பாத்துட்டுத்தான் கைய வெக்கணும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "படிச்ச புள்ளைங்க அப்புடித்தான் பயமுறுத்தும்" என்றார். நான் என் பாட்டுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தேன். நாலாவது தடவைக்கு அப்புறம் இடது பக்கம் பாதி திரும்பியது. அந்தப் பெண் சொன்னபடி தையல் மேஜையின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து நாலு விரல் உயரம் ஏற்றினேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். அவரிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார்.

"ஒண்ணுமில்ல... சலூன்லதான் இருக்கேன். தல கிர்ருங்குது. நீ கொஞ்சம் வரியா?"

அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை. வழக்கமான ஆள் அன்று ஊரில் இல்லாததால் வேறொருவர் கழுத்தைத் திருப்பியிருக்கிறார். இவர் எழுந்து நின்றதும் கடையே சுழன்றிருக்கிறது. வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் படுத்திருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய்ச் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் கடையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பேரளி தாண்டும்போது அந்தப் பெண் சொன்ன ரத்தக்குழாய்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அதை இவரிடம் சொன்னபோதே சண்டை போட்டாவது தடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு மணி நேரப் பாதை அன்று முடியவே இல்லை.

நான் போவதற்குள் கூட வேலை பார்க்கும் டிரைவர்கள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, ரத்தக்குழாயில் ஒன்றும் இல்லை, தலைசுற்றல் தானாகத் தெளிந்துவிடும், ஆனால் இனிமேல் நெட்டி எடுக்க யாரிடமும் கழுத்தைக் கொடுக்கக் கூடாது என்றார்.

சாயங்காலம் அவருக்குத் தெளிந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"நெட்டி எடுத்துட்டு நேரா லோடுதான் ஏத்தப் போயிருப்பேன்" என்றார். "ரோட்டுல போறப்ப இது வந்திருந்தா?"

"அதான் வரலல்ல. டீயக் குடிங்க."

"உன் தலயப் புடிச்சுத் திருப்பப் பாத்தேன் பாரு அன்னைக்கி" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவரே என்னோடு பிசியோதெரபிக்குக் கிளம்பினார். கேள்வி கேட்டபோது பொறுமையாகப் பதில் சொன்னார். மெதுவாக அமுக்கி விட்டபோதுதான் பொறுமை போய்விட்டது. "சத்தமே வரலியேம்மா, எப்புடி சரியாவும்?" என்றார். மூன்று தடவை போயும் அவருக்குப் பெரிதாகக் குறையவில்லை. எனக்குப் பலித்தது அவருக்குப் பலிக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

நாலாவது தடவை அந்தப் பெண் அவர் முதுகை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்குக் கழுத்தவிட மேமுதுகுதான் எறுகிக் கெடக்கு. அது அசையாததால கழுத்து ரெட்ட வேல பாக்குது" என்றாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே போட்டு மல்லாந்து படுக்கச் சொன்னாள். முதுகுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தாள். தலையைத் திருப்பவே இல்லை. "மூச்ச வெளிய வுடுங்க" என்று சொல்லி, மூச்சு முடிகிற இடத்தில் மேலிருந்து ஒரே அமுக்கு. படபடவென்று நாலைந்து சொடக்கு விழுந்தது. அந்த மெலிந்த பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, மெதுவாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு சிரிப்பு.

"இதத்தாம்மா மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல?"

"சத்தத்துல ஒண்ணும் இல்லண்ணே. மூட்டுக்குள்ள காத்து வெடிக்கிறதுதான். வூட்டுல பயிற்சி பண்ணலன்னா நாளான்னைக்கே திரும்ப எறுகிரும்."

பயிற்சி செய்தோம். காலையில் கூடத்தில் எதிரெதிரே நின்று, தாடையை உள்ளே இழுப்பதும் தோள்பட்டையைப் பின்னால் சேர்ப்பதுமாகப் பத்துப் பத்துத் தடவை. முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொங்கலுக்குள் அவருக்கும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லி லாரி சீட்டையும் மாற்றிக்கொண்டார்.

எது எங்களைச் சரியாக்கியது என்பதில் இன்னமும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. முதுகில் கொடுத்த அந்த ஓர் அமுக்குதான் என்கிறார் அவர். எனக்கு மெதுவான கையும் உயர்த்திய மேஜையும்தான். கொள்ளிடக் கரை அம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் குனிந்தே கிடந்து வரவழைத்ததை அவர் விரல் இரண்டு நாள் தள்ளி வைத்தது, அதுவே பெரிசு. இப்போதும் சீசன் நேரத்தில் வலி எட்டிப் பார்க்கிறது. அப்போது மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, தெருமுனை வரை ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.