நசீமாக்காவும் புதுச்சேரிக் கடலும்

டூர் வேன் ஓட்டுகிறவனுக்கு ஊர் தெரிந்தால் போதாது, எந்த ஊரில் எங்கே பாத்ரூம் இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவுப் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். அதில் நசீமாக்கா கடலையே பார்த்ததில்லை. வீட்டில் எல்லாரும் போய்வந்துவிட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் பிரசவம், ஜுரம் என்று இவர்தான் நின்றுபோவாராம். ஏறும்போதே சொல்லிவிட்டார்: "தண்ணில கால் வெக்காம நான் திரும்பமாட்டேன் தம்பி."

ரூ

முதலில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கிற பிரெஞ்சுத் தெருக்கள். பெயர்ப்பலகைகளைக் காட்டி, "ரூன்னு போட்டிருக்கு பாருங்க" என்று ஆரம்பித்தேன். அது பிரெஞ்சில் தெரு என்று சொல்வதற்குள் கூட்டத்திலேயே வாயாடியான மகேஸ்வரி முந்திக்கொண்டாள். "தெருவுக்குத் தெரு ரூ போட்டுட்டு எவ்ளோன்னு போடலியே, கேட்டாத்தான் சொல்வானா?"

பாறை

கடற்கரைச் சாலை நல்ல அகலம், நடக்கச் சுகம். கடலுக்கும் நமக்கும் நடுவில் மட்டும் கருங்கல் குவியல். கொஞ்சம் தள்ளி மணல் இருந்தது, அலை ஜாஸ்தி என்று அன்றைக்குப் பார்த்துக் கயிறு கட்டியிருந்தார்கள். நசீமாக்கா கல்லில் இறங்கப்போக, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் விசில் அடித்தார். அக்கா என்னைத்தான் முறைத்தார். "கல்யாண வூட்டுக்குக் கூட்டியாந்து வாசல்லியே திருப்பி அனுப்புறியே!"

ஆம்பூர் சரக்கு

படகில் போனால் மணல்திட்டு உண்டு. காற்று பலம் என்று படகையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தை ஆற்ற ஞாயிறு சந்தையில் இறக்கிவிட்டேன். செருப்புக் கடைக்காரர் இவர்களைப் பார்த்து, "ஒரிஜினல் ஆம்பூர் தோலு அக்கா!" என்று கூவினார்.

"ஆம்பூர் எங்கண்ணே இருக்குது?" என்றாள் மகேஸ்வரி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"இங்கதாங்க்கா, கடலோரமா."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நசீமாக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கடல் அங்கியே இருந்தா நான் எதுக்குடா இங்க வந்து பேஜாராவுறேன்?"

உப்பு

இனிமேல் தாங்காது என்று ஊருக்குத் தெற்கே மீனவர் குப்பத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். வலை காயும் மணல், அதற்கப்பால் கடல். கயிறும் இல்லை, விசிலும் இல்லை. அக்கா செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு, பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றார். முதல் அலை காலை மூடியதும் சின்னப் பெண் மாதிரி கத்தினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருட்டப்போகிறது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், ஆள் வருவதாயில்லை. கடைசியில் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி இவ்ளோ தூரம்? எங்க தெரு போர்ல வர்ற தண்ணி இதவிட உப்பு!"

சொன்னாரே தவிர ஒரு அடி நகரவில்லை, நான்தான் அவர் செருப்போடு கரையில் நின்றுகொண்டிருந்தேன்.