சென்னைப் பாடகி என்று நான் சொன்ன குரல்

அந்தக் குரல் ஸ்டெல்லாவுடையது. சென்னைப் பாடகி என்று நான் சொன்னது பொய்!

அந்த வருடங்களில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கிட்டார் மெதுவாகத் தொடங்கும். ஓர் ஆண் குரல் கரகரப்பாக இரண்டு வரி பாடும். பிறகு அவள் வருவாள்... ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி வெயிலில் மிதக்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை விட்டுவிடுவார்கள்.

கிட்டாரும் ஆண் குரலும் நான்தான். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கச்சேரிக் குழுக்களோடு ஊர் ஊராகத் திரிந்து, மேடைக்கடியில் தூங்கியவன். ஸ்டெல்லா தேவனாம்பட்டினத்துப் பெண். சுனாமியில் வீடு போய், அம்மாவோடு தகரக் கொட்டகையில் இருந்தாள். அம்மா முந்திரி உடைக்கப் போவாள். இவள் மாதா கோயிலில் பாடுவாள்.

பெரிய பாடகர் வருமுன் மெட்டைக் காட்ட வேறொருவரைப் பாடவைத்துப் பதிவது எங்கள் வழக்கம். டிராக் என்போம்.

"சும்மா டிராக்தான் ஸ்டெல்லா. அப்புறம் மெட்ராஸ்லேர்ந்து வந்து பாடிடுவாங்க" என்று சொல்லிச் சிதம்பரம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். அன்று அது உண்மைதான். துணி மடிப்பவளைப் போலப் பதற்றமில்லாமல் பாடிவிட்டு, கேட்டுப் பார்க்கக்கூட நிற்காமல் பஸ் பிடிக்க ஓடினாள்.

சென்னைப் பாடகி வரவேயில்லை.

"இந்தப் பொண்ணே போதும் மாப்ள, என்னமா பாடியிருக்கு! பேரு இன்னா போடறது?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"மெட்ராஸ் பேரா எதையாச்சும் போடு மாமா. தேவனாம்பட்டினத்துப் பொண்ணுன்னா எந்த பஸ்காரன் போடுவான்?"

பாட்டு ஓடியது. எனக்கு மேடைகள் கிடைத்தன. அவளிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்...

ஒரு பிற்பகல், பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஸ்டெல்லாவும் அம்மாவும். பாட்டு வந்தது.

"இது ஒங்கொரலுடி" என்றாள் அம்மா.

"போம்மா, நீ வேற! கேக்கறவங்க சிரிப்பாங்க. அது மெட்ராஸ் அக்கா." என் பக்கம் திரும்பினாள். "இல்லண்ணே? இன்னாமா பாடறாங்க! நான் பாடுனத நெனச்சா வெக்கமா இருக்கு. நல்லவேள, அழிச்சிட்டீங்க."

ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது! ஏன் வரவில்லை? மேடைகள் போய்விடும் என்றா? அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமலா?

"ஆமாம்மா, அவங்க பெரிய பாடகி" என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பின் ஸ்டெல்லா கோயிலிலும் பாடவில்லையாம். கேள்விப்பட்டு, சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் கல்யாணமாகிப் போயிருந்தாள். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ இப்ப புருஷன் வீட்ல கூட பாட வாயத் தொறக்கறதில்ல தம்பி. நான் சொன்னா நம்பல. நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பா."

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

இப்போதும் ஏதாவது பஸ்ஸில் அந்தப் பாட்டு வரும். என் வரிகள் முடியும். அவள் பாடத் தொடங்குமுன் ஒரு சின்ன மூச்சு கேட்கும்...

அங்கேயே இறங்கிவிடுகிறேன், எந்த ஊராக இருந்தாலும்.