முருகேசனின் குதிகாலும் செல்வியின் கெண்டைக்காலும்

“தினமும் வீட்ல செய்றேன்” என்கிற பொய்யை நம்பிப் பிழைக்கிற தொழில் பிசியோதெரபி. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் “ஐயோ அம்மா” என்று குதிகாலைப் பிடிக்கிற சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

உப்பு ஊற்றியது யார்?

மதுரைக்காரி நான், மலையாள மண்ணான மட்டாஞ்சேரிக்கு பிசியோதெரபிஸ்டாக வந்து ஒரு வாரம். அரிசி குடோனில் மூட்டை சுமக்கும் முருகேசன், மனைவி செல்வியோடு நொண்டிக்கொண்டே வந்தார். “உப்பூற்றி வேதனை, டாக்டரே.”

எனக்குப் பகீரென்றது. “புண்ணுல உப்பு ஊத்தச் சொன்ன மடையன் யாரு?” என்று எகிறினேன். குதிகாலுக்கு மலையாளத்தில் உப்பூற்றி என்று பெயராம். இங்கத்துத் தமிழர்களும் அப்படியே சொல்வார்களாம். முருகேசன் செல்வியிடம் ரகசியமாகக் கேட்டார்: “இவங்களுக்குத் தமிழ் அறியாதா?”

படிக்கட்டுப் பாடம்

குதிகாலுக்கு மேலே கெட்டியாக ஓடுமே, அந்தத் தசைநாண் வீங்கியிருந்தது. ஓணத்துக்கு ஆறே வாரம். ஓணத்தன்று இங்கே வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி உண்டு. குடோன் அணியில் வடத்தை இடுப்பில் சுற்றி, குதிகாலை ஊன்றி நிற்கும் கடைசி ஆள் முருகேசன்தான். “இந்த வட்டம் நிக்கலேன்னா அடுத்த வட்டம் என்னை விளிக்க மாட்டாங்க” என்றார் (வட்டம் என்றால் இங்கே தடவை, விளிப்பது என்றால் கூப்பிடுவது). நாண் அறுந்தால் வடம் மட்டுமில்லை, மூட்டையும் போச்சு என்று பயமுறுத்தினேன்.

படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் எக்கி, வலிக்கிற காலில் மட்டும் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கணும். பதினைந்து தடவை, காலையும் மாலையும். சுவரைத் தள்ளுவது போல நின்று கெண்டைக்காலை நீட்டணும். தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடணும். (திடீரென்று டப்பென்று கேட்டு, குதிகாலைத் தூக்க முடியவில்லையென்றால் படிப்பக்கமே போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அதுவும் ஆட்டோவில்.)

மூன்று வாரம் ஆச்சு, வீக்கம் வீக்கமாகவே இருந்தது. “தினமும் செய்றீங்களா?” என்றேன். “பின்னே! ஒரு நாள் விட்டதில்ல!” என்றார். செல்விக்குப் பொறுக்கவில்லை.

“செய்றது நான், டாக்டரே. மறந்துபோச்சு, ஒருக்கா காட்டுன்னு சாயாவோட உட்கார்ந்துடுவார். சாயா தீர்றவரைக்கும் நான் காட்டணும்.”

ஒற்றைக்கால் பரீட்சை

ஓணத்துக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். வலிக்கிற காலில் மட்டும் நின்று எக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையே முருகேசன் என் மேஜையைப் பிடித்துக்கொண்டார். பொழுது போகாமல் பக்கத்தில் எக்கிக்கொண்டிருந்த செல்வி இருபத்தைந்தைத் தாண்டியிருந்தாள், மூச்சுகூட வாங்கவில்லை.

“இந்த வருஷம் வடத்தைத் தொடக் கூடாது” என்றேன். அவ்வளவு பெரிய மனுஷன் கண் கலங்கிவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு சாத்தலாம் போலவும் இருந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப கடைசியில யாரு நிக்கிறது?”

கடைசி ஆள்

ஓணத்தன்று வேடிக்கை பார்க்கப் போனேன். கடைசியில் வேறொருவரை நிறுத்தியிருந்த குடோன் அணி கண் மூடித் திறப்பதற்குள் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அடுத்தது பெண்கள். கடைசி ஆளைப் பார்த்தால், அடியம்மா, செல்வி! இடுப்பில் வடம், மண்ணில் புதைந்த குதிகால். எதிரணி தலைகீழாக நின்று பார்த்தது, அவளை ஒரு அங்குலம் நகர்த்த முடியவில்லை. நானும் விசிலடித்தேன், வெட்கமென்ன!

ஆட்டம் முடிந்ததும் முருகேசன் என்னிடம் நொண்டியபடி வந்தார். முகத்தில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். “அடுத்த வட்டத்துக்கு இப்பவே அவளை விளிச்சாச்சு, டாக்டரே. அந்தப் படி எக்சர்சைஸை எனக்கு முதல்லேருந்து ஒருக்கா சொல்லித் தாங்க. வீட்ல கேட்டா, ‘எனக்கு டைம் இல்ல’ங்கிறா.”

நான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி கட்டாயம் பலிக்கும், யார் காலில் என்பதுதான் என் கையில் இல்லை.