தோளில் இருந்த கை

தொண்ணூறுகளின் கடைசியில் பாறசாலையில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் தன் குடும்பப் படத்தோடு வந்தார். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“எளைய மவ வேற சாதிக்காரனக் கெட்டிப் போயிட்டா. ஞாயிற்றுக்கிழமை சபைக்காரங்க வீட்டுக்கு ஜெபத்துக்கு வருவினும். படத்துலயிருந்து இவள எடுத்து மாத்தணும் மக்கா.”

படத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வொருவரையும் தனியாக வெட்டித் தனித்தனி அடுக்கில் வைத்தேன். எல்லோருக்கும் பின்னால் ஒரு நீலத்திரை. அடுக்குகளை ஒன்றாகச் சேர்க்காதவரை யாரையும் மறைக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம்.

மறுநாள் அவர் வந்ததும் மகளை மறைத்துக் காட்டினேன். அவள் தோளில் இருந்த அம்மாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

“அந்தக் கைய ஒண்ணும் செய்ய முடியாதா?”

“எடுத்தா அம்மைக்கு ஒரு கை இருக்காதே சாரே.”

தலை குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

“அவளத் திரும்ப வை. இனி என்னை மாத்திக் காட்டு.”

படத்தில் அவர் ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தார். மறைத்தேன். அந்த இடத்தில் நீலத்திரை வந்தது. யாருடைய கையும் அந்தரத்தில் நிற்கவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதைக் கழற்றாமலே கேட்டார்:

“படத்துக்கு ஒரு கொறவும் இல்ல, இல்லியா மக்கா?”

குறை உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.