கஞ்சி போட்ட ரிப்பன்

எங்கள் ஊரில் எனக்கு ‘ரிப்பன் டீச்சர்’ என்று பெயர். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போனது. “சர்க்கஸா டீச்சர்?” என்பார்கள். “டான்ஸா?” என்பார்கள். குச்சியில் மாட்டிய ஐந்து மீட்டர் ரிப்பனை ஒரு நொடிகூட நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே துள்ள வேண்டும், வளைய வேண்டும், மேலே எறிந்து பிடிக்க வேண்டும் என்று விளக்கினால், “அதுக்கா பிள்ளைய இந்தப் பாடு படுத்துதீங்க?” என்று முடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பாடு நானும் பட்டவள்தான். எட்டு வயதில் தொடங்கி மாநில அணிவரை போனேன். பதினேழில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் உடற்கல்வி படித்து, சங்கரன்கோவிலிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி. எறிவதற்கு உயரமான கூரை வேண்டும்; ஊரில் அது ஒன்றுதான் தோதாக இருந்தது. முகூர்த்தத்துக்கு மறுநாள் போனால் அட்சதை அரிசி உள்ளங்காலில் குத்தும். பெருக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் அந்தக் கை இருந்தது. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவளுக்குப் பதின்மூன்று முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். வயசுக்கு வந்த பிள்ளையை ஒட்டின சட்டையோடு ஊர் ஊராகக் கூட்டிப் போவதா என்று. மாநில அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மண்டப வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், ஒங்ககிட்ட மறைக்காம சொல்லுதேன். இந்தத் தடவ டீமுல எடுத்துட்டாவன்னா நான் எல்லார் வாயையும் அடச்சிருவேன். பிள்ள தோத்துட்டா, இதோட நிப்பாட்டிருவோம். என்னால பேச்சு கேட்டு முடியல.”

அவரிடம் பேசினால் சண்டையாகிவிடும். அந்த வாரம் முழுக்க அவளைத்தான் போட்டு வறுத்தேன். எறிந்து பிடித்ததும் மணிக்கட்டை ஒரு கணம் நிறுத்திவிடுவாள். அது அவளுடைய தீராத வியாதி. கை நின்றால் ரிப்பன் தன் மேலேயே விழுந்து முடிச்சு விழுந்துவிடும். “ஏட்டி, கை செத்துப் போச்சா?” என்று கத்துவேன். பாவம், அழுதுகொண்டே மறுபடி எறிவாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரிப்பனை அவளிடம் கொடுத்து, வீட்டில் அலசி, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மாற்று ரிப்பன் எங்களிடம் கிடையாது. அதை நானே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

தேர்வு நடந்த மதுரை உள்ளரங்கத்தில் பையைத் திறந்து ரிப்பனை உதறினேன். அது விரியவில்லை. அப்பளம் மாதிரி மடமடவென்று சத்தம் போட்டது.

கூடவே வந்திருந்த அவள் அப்பா முகம் நிறையச் சிரிப்போடு முன்னால் வந்தார். “நாந்தான் டீச்சர் கஞ்சி போட்டேன். வீட்டுக்காரி போட்டா திட்டுத் திட்டாப் பிடிக்கும்னு நானே போட்டேன். கஞ்சி ஏறுனாத்தான பாவு நூலே தறியில அறாம ஓடும்?”

மனுசன் பாவு நூலில் எப்படிப் போடுவாரோ அப்படிப் போட்டிருந்தார். ஓர் இடத்தில்கூடத் திட்டு இல்லை. எனக்கு அதையெல்லாம் பார்க்கிற நிதானமா இருந்தது? “அண்ணாச்சி, ஒங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா? இது சுருள் சுருளா ஓடணும்! பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!” என்று அத்தனை பேருக்கு நடுவே கத்திவிட்டேன். சென்னைப் பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

எங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் ஆட வேண்டியிருந்தது. குழாயடிக்கு ஓடி, கஞ்சி போக மூன்று தடவை அலசினேன். ஈர ரிப்பன் இன்னும் மோசம், கல்லாய்க் கனக்கும். பிழிந்தால் கசங்கும். என்ன செய்வதென்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் என் கையிலிருந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வராந்தாவில் ஓட ஆரம்பித்தார். ரிப்பன் அவருக்குப் பின்னால் பறந்தது. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடினார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் போனில் படம் எடுத்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. மூச்சு இரைக்க என்னிடம் நீட்டினார். “இப்பம் தொட்டுப் பாருங்க டீச்சர்.”

காய்ந்திருந்தது. பழையபடி பூவாய் இருந்தது.

அவள் ஆட வந்தாள். பயிற்சியாளர்கள் நாங்கள் விளிம்பில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஒன்றரை நிமிட ஆட்டம். முதல் ஒரு நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை. ரிப்பன் என்னமாய் ஓடியது! சுருள் அவிழவில்லை, பாம்பசைவு தளரவில்லை. வராந்தாவில் சிரித்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கடைசி எறிதல். எறிந்தாள், உருண்டாள், பிடித்தாள். பிடித்த சந்தோஷத்தில் திரும்பி அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

கை நின்றது.

முடிச்சு விழுந்தது. அவள் அதை அவிழ்ப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. எடுத்தது நாலு பேரை. அவள் ஆறாவது.

மூன்று பேரும் ரயிலில் ஊர் திரும்பினோம். அவள் எங்கள் எதிரே குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ராஜபாளையம் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், என் கஞ்சிதான காரணம்? மிச்சம் மீதி ஒட்டியிருந்துருக்கும், அதான் முடிச்சு விழுந்துட்டு. பிள்ள மேல குத்தமில்லல்லா? அப்பம் அவ தோத்ததா ஆகாதுல்லா?”

ரிப்பனில் கஞ்சி ஒரு பொட்டு இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் நான் தோற்ற அன்றைக்கு என் கோச் என் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்: “ஒங்க பொண்ணுக்குக் கவனம் பத்தல.” ஒரே வரி. அதோடு என் ஆட்டம் முடிந்தது.

அவள் நிமிர்ந்து வாயைத் திறந்தாள். நான் அவள் காலை என் காலால் அழுத்தி மிதித்தேன்.

“கஞ்சிதான் அண்ணாச்சி,” என்றேன். “பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, நிம்மதியா என்று தெரியவில்லை. ஊர் வந்து இறங்கும்போது, “திங்கக்கிழம காலைல எத்தன மணிக்குக் கொண்டாந்து விடணும்?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் அதே அரங்கத்தில் அவள் முதலாவதாக வந்தாள். கை நிற்கவில்லை. விருந்தினர் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அப்பா வரவில்லை. தறியில் அவசர வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை லட்டு டப்பாவோடு மண்டபத்துக்கு வந்தார். வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன். “வேண்டாம் டீச்சர், இங்கனயே நிக்கேன்,” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“நேத்து ஒரு வேலையும் இல்ல டீச்சர். சும்மாதான் வீட்டுல கெடந்தேன். நான் வந்து எதையாவது தொட்டுக் கெடுத்துருவேன்னுதான் வரல. பாத்தீங்களா, செயிச்சுட்டா!”